கஜானாவில் சிறைப்பட்ட நாணயங்கள்



முற்கால முஸ்லிம் அரசுகளில் ஒருவர் ஆட்சியாளர் என்பதற்கு இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று குத்பா, மற்றொன்று சிக்கா. வெள்ளிக்கிழமை மிம்பர் மேடையில் எவருடைய பெயரைச் சொல்லித் துஆச் செய்யப்படுகிறதோ, கடைத்தெருவில் எவருடைய பெயர் பொறித்த நாணயம் கைமாறுகிறதோ, அவரே அந்நாட்டின் அரசர். புதிதாகப் பட்டத்திற்கு வந்தவர் முதலில் செய்த காரியங்கள் இவ்விரண்டுமே. குத்பா செவிவழியாகவும், நாணயம் கைவழியாகவும் ஆட்சியை மக்களிடம் கொண்டு சேர்த்தன.

குத்பாவைப் பற்றி இந்தப் பக்கங்களில் நீங்கள் மாதந்தோறும் படித்து வருகிறீர்கள். இம்மாதம் சிக்காவைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். அதிலும், எந்தக் கடைத்தெருவுக்கும் போகாத, எந்தக் கைக்கும் அடங்காத பேருருவ நாணயங்களைப் பற்றிச் சிந்திப்போம். அன்று பேரரசர்கள் அவற்றை வார்த்தார்கள். இன்று பல நாட்டு நாணயச் சாலைகள் அவற்றை வெளியிடுகின்றன; வசதி படைத்தோர் வாங்கிச் சேகரிக்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருக்கின்றனர். ஆகவே இது வெறும் வரலாற்றுச் செய்தி மட்டுமன்று. நம் பெட்டகங்களைத் தொடும் செய்தியும் ஆகும்.

கைக்கு அடங்கிய நாணயம்

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அரபுகளிடம் சொந்த நாணயம் இருக்கவில்லை. ரோமப் பேரரசின் தங்க தீனாரும், பாரசீகத்தின் வெள்ளி திர்ஹமும் அவர்களிடையே புழங்கி வந்தன. ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696-697இல், உமையா கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் உருவப்படம் ஏதுமில்லாத, கலிமாவும் மறை வசனங்களும் மட்டுமே பொறிக்கப்பட்ட தங்க தீனாரை வெளியிட்டார். அதன் எடை ஒரு மித்கால். இன்றைய கணக்கில் சுமார் 4.25 கிராம். அடுத்த ஈராண்டுகளுக்குள் வெள்ளி திர்ஹமும் அதே முறையில் வெளிவந்தது. அது 3 கிராமுக்கும் சற்றுக் குறைவு.

அந்த நாணயத்தின் அளவைக் கவனியுங்கள். நம் விரல் நுனியில் நிற்கக்கூடிய சிறு வட்டம் அது. ஒட்டகக்காரன் தன் இடைக்கச்சையில் முடிந்துகொள்ளலாம். விதவைப் பெண் தன் முந்தானையில் முடிந்துகொள்ளலாம். நாணயத்தின் பெருமை அதன் பருமனில் இல்லை. எத்தனை கைகளுக்கு அது பயன்பட்டது என்பதிலேயே இருந்தது. மார்க்கத்தின் அளவைகளும் இந்தச் சிறு நாணயத்தை வைத்தே அமைந்தன. ஜகாத் கடமையாவதற்குரிய நிஸாப் தங்கத்தில் 20 தீனார். வெள்ளியில் 200 திர்ஹம்.

அக்பரின் ஷஹன்ஷாவும் ஜஹாங்கீரின் ஆயிரம் தோலாவும்

இனி, இந்தியாவுக்கு வருவோம். பேரரசர் அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸ்ல் தம் ‘ஆயினே அக்பரி’ நூலில் அக்காலத்து நாணய வகைகளை ஒவ்வொன்றாக விவரிக்கிறார். அந்தப் பட்டியலின் தலைப்பில் நிற்பது ‘ஷஹன்ஷா’ என்னும் தங்க நாணயம். அதன் எடை 101 தோலா, 9 மாஷா, 7 சுர்க். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.2 கிலோ. ஒரே நாணயத்தில் ஒரு கிலோவுக்கு மேல் தங்கம்! அதற்குக் கீழே அதன் பாதி, கால், ஐந்தில் ஒன்று எனப் பல நாணயங்கள் வருகின்றன.

1605இல் அரியணை ஏறிய ஜஹாங்கீர் இவ்வழக்கத்தை மேலும் வளர்த்தார். அவர் தம் கையால் எழுதிய நினைவுக் குறிப்புகளில், பட்டமேற்றதும் தாம் அடிக்கச் செய்த நாணயங்களுக்குச் சூட்டிய பெயர்களைப் பெருமிதத்தோடு அடுக்குகிறார். 100 தோலா தங்க நாணயத்திற்கு ‘நூர் ஷாஹி’. 50 தோலாவுக்கு ‘நூர் சுல்தானி’. 20 தோலாவுக்கு ‘நூர் தவ்லத்’. 10 தோலாவுக்கு ‘நூர் கரம்’. 5 தோலாவுக்கு ‘நூர் மிஹ்ர்’. தங்க நாணயங்கள் நூர் என்னும் ஒளியின் பெயரையும், வெள்ளி நாணயங்கள் கவ்கப் என்னும் விண்மீனின் பெயரையும் தாங்கி வந்தன. ‘நூருத்தீன்’ என்பது அப்பேரரசர் சூடிக்கொண்ட பட்டப்பெயர் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விஞ்சியது ஹிஜ்ரி 1022இல், அதாவது கி.பி. 1613இல், ஆக்ராவில் உருவான ஆயிரம் தோலா மொஹர். எடை ஏறக்குறைய 11.9 கிலோ. குறுக்களவு 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முகப்பெங்கும் அரசரின் பெயரும் புகழும் பாரசீக மொழியில் அழகிய எழுத்துக்களில் பொறிக்கப்பட்டுள்ளன. ஈரான் மன்னர் ஷா அப்பாஸின் தூதராக வந்த யாத்கார் அலீக்கு ஆயிரம் தோலா எடையுள்ள மொஹர் ஒன்றைத் தாம் வழங்கியதை ஜஹாங்கீர் தம் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

பேருருவம் எதற்காக?

இத்தகைய நாணயத்தைக் கொண்டு எவரேனும் கடையில் ஒரு படி கோதுமை வாங்க முடியுமா? முடியாது. பின் எதற்காக அவை அடிக்கப்பட்டன?

முதலாவது, கஜானாவின் வசதி. கோடிக்கணக்கான சிறு நாணயங்களை எண்ணிக் காப்பதைவிடப் பெரிய நாணயங்களாக வைத்திருப்பது எளிது. ஜஹாங்கீரின் அவையில் சில ஆண்டுகள் இருந்த ஆங்கிலேயர் வில்லியம் ஹாக்கின்ஸ், அரசரின் கருவூலத்தைப் பட்டியலிடும்போது இவ்வகைப் பெருநாணயங்கள் பல்லாயிரக்கணக்கில் குவிந்திருந்ததாகக் குறிப்பிடுகிறார்.

இரண்டாவது, அன்பளிப்பு. தூதர்களுக்கும் தளபதிகளுக்கும் அரசர் தம் கையால் கொடுப்பது சாதாரணப் பொருளாக இருக்கலாகாது. பெறுபவர் ஊர் திரும்பித் தம் மன்னரிடம் காட்டும்போது, கொடுத்தவரின் செல்வம் அங்கே பேச வேண்டும்.

மூன்றாவது, இதுவே முக்கியமானது, பெருமை. சிக்கா ஆட்சியின் அடையாளம் என்றோம். அடையாளத்தைப் பெரிதாக்கினால் ஆட்சியும் பெரிதாகத் தோன்றும் என்னும் எண்ணம் மனித மனத்திற்கு இயல்பானது.

இதே ஜஹாங்கீர் காலத்தில் ‘நிஸார்’ என்னும் இன்னொரு வகை நாணயமும் இருந்தது. ஊர்வலங்களிலும் விழாக்களிலும் கூட்டத்தின்மீது வாரி இறைப்பதற்கென்றே அடிக்கப்பட்ட மெல்லிய சிறு நாணயம் அது. தூதருக்குப் பன்னிரண்டு கிலோ. தெருவில் நிற்பவனுக்கு நகத்தளவு வெள்ளி. ஒரே நாணயச் சாலை இவ்விரண்டையும் அடித்தது.

நியாயமாகப் பேசுவோம். முகலாயர் கொடுக்காதவர்கள் அல்லர். பேரரசர் தம்மைத் தங்கத்திற்கும் வெள்ளிக்கும் எதிராக எடைபோட்டு, அந்தப் பொருளை ஏழைகளுக்கு வழங்கும் வழக்கத்தை அவர்கள் பல தலைமுறைகளாகப் பின்பற்றினர். ஆனால், கொடையின் அளவையும் குவியலின் அளவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வரலாற்றைப் படிப்பவரின் கடமையல்லவா?

பஞ்சமும் மயிலாசனமும்

அப்படி அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பை ஷாஜஹானின் அரசவை வரலாறே நமக்குத் தருகிறது. 1630 முதல் 1632 வரை குஜராத்திலும் தக்காணத்திலும் கொடும் பஞ்சம் நிலவியது. மழை பொய்த்தது, ஊர்கள் ஆளின்றிப் போயின. அவ்வேளையில் பேரரசர் புர்ஹான்பூரில் தங்கியிருந்தார். அவர் அங்கும் அஹமதாபாத், சூரத் பகுதியிலும் கஞ்சித்தொட்டிகளைத் திறக்க ஆணையிட்டதாக ‘பாதுஷாநாமா’ எழுதிய அப்துல் ஹமீது லாஹோரி பதிவு செய்துள்ளார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் 5,000 ரூபாய் வீதம் 20 வாரங்களில் ஒரு லட்சம் ரூபாய் வறியோருக்கு வழங்கப்பட்டது. அஹமதாபாத்துக்குத் தனியே 50,000 ரூபாய் அனுப்பப்பட்டது. அரசுக்குரிய நிலங்களில் சுமார் 70 லட்சம் ரூபாய் வரி தள்ளுபடியும் செய்யப்பட்டது.

இவை பாராட்டத்தக்க செயல்கள். ஆயினும் அதே லாஹோரியின் நூலைச் சில பக்கங்கள் தள்ளிப் புரட்டினால், 1635இல் நிறைவுற்ற மயிலாசனத்தின் கணக்கு வருகிறது. அதில் பதித்த மணிகள் 86 லட்சம் ரூபாய்; தங்கம் ஒரு லட்சம் தோலா, மதிப்பு 14 லட்சம் ரூபாய்; ஆக மொத்தம் ஒரு கோடி ரூபாய்.

இந்தக் கணக்கின்படி ஒரு தோலா தங்கம் 14 ரூபாய். அவ்விலையில் ஆயிரம் தோலா மொஹர் ஒன்றின் மதிப்பு 14,000 ரூபாய். புர்ஹான்பூரில் வாரத்திற்கு 5,000 ரூபாயால் பசியாற்றினார்கள் என்றால், கஜானாவில் கிடந்த அத்தகைய ஒரேயொரு நாணயம் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குரிய உணவு! எந்த அரசரையும் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. ஒரு நாணயம் பூட்டப்பட்டுக் கிடக்கும்போது எது பூட்டப்படுகிறது என்பதை எண்ணால் காட்டவே எழுதுகிறோம்.

எங்கே போயின அவை?

பல்லாயிரக்கணக்கில் இருந்த அந்தப் பெருநாணயங்களில் இன்று எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1739இல் ஈரானிலிருந்து வந்த நாதிர் ஷா டில்லியைச் சூறையாடி, மயிலாசனத்தோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கருவூலத்தையும் வாரிச் சென்றார். அரசுரிமைப் போர்களும் கொள்ளைகளும் மிச்சத்தைத் தின்றன. தங்கம் எந்த வடிவில் இருந்தாலும் தங்கமே. ஆதலால் பெருநாணயங்கள் பெரும்பாலும் உருக்குலைகளுக்கே இரையாகியிருக்க வேண்டும்.

ஷாஜஹானின் 200 மொஹர் நாணயம் ஒன்று கி.பி. 1653-54ஐ ஒட்டி அடிக்கப்பட்டது. எடை இரண்டு கிலோவுக்கு மேல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பாட்னாவில் காணப்பட்டது. அதன் பிறகு மறைந்துவிட்டது. அதிலிருந்து எடுக்கப்பட்ட வார்ப்புப் படி மட்டும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அசல் போயிற்று, நகல் நின்றது.

ஜஹாங்கீரின் ஆயிரம் தோலா மொஹருடைய கதையும் இதற்குச் சளைத்ததன்று. 1987 நவம்பரில் ஜெனீவா நகரில் அது ஏலத்திற்கு வந்தபோது உலகமே வியந்தது. ஹைதராபாத் நிஜாம் குடும்பத்தாரிடம் அது பரம்பரையாக இருந்ததாகச் சொல்லப்பட்டது. எதிர்பார்த்த விலை வராததால் விற்பனை நிறைவேறவில்லை. இந்தியாவிலிருந்து அது எவ்வாறு வெளியேறியது என மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. ஆயினும் நாணயம் நாடு திரும்பவில்லை. 2022இல் மீண்டும் தேடுதல் தொடங்கியதாகச் செய்திகள் வெளியாயின. தம் பெயரை உலகம் என்றென்றும் பார்க்க வேண்டும் என்று ஒரு பேரரசர் பன்னிரண்டு கிலோ தங்கத்தில் பொறித்துவைத்தார். இன்று அதைப் பார்க்க விரும்புபவருக்கு எங்கே போய்ப் பார்ப்பது என்று வழிசொல்ல ஆளில்லை!

நம் காலத்துப் பேரரசர்கள்

அரசர்கள் போனார்கள், ஆசை போகவில்லை. 1967இல் தென்னாப்பிரிக்கா ஒரு அவுன்ஸ் தங்கம் கொண்ட குருகராண்ட் நாணயத்தை வெளியிட்டது. தங்கத்தைச் சேமிக்க விரும்புவோர் கட்டியாக அன்றி நாணயமாக வாங்கும் வழக்கம் அதிலிருந்து பரவியது. 1979இல் கனடாவின் மேப்பிள் இலை, 1982இல் சீனாவின் பாண்டா எனப் பல நாடுகள் தொடர்ந்தன. ஒரு அவுன்ஸ் என்பது சுமார் 31.1 கிராம். அது கைக்கு அடங்கும் அளவே.

பிறகு அளவு பெருகத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச் சாலை 1992இல் குக்கபரா பறவை பொறித்த ஒரு கிலோ வெள்ளி நாணயத்தை வெளியிட்டது. 2004இல் ஆஸ்திரியா 1,000 அவுன்ஸ், அதாவது 31 கிலோ எடையுள்ள தங்க நாணயத்தை 15 மட்டும் அடித்தது. அதன் குறுக்களவு 37 சென்டிமீட்டர். 2007இல் கனடா 100 கிலோ தங்க நாணயத்தைக் கொண்டுவந்தது. குறுக்களவு 53 சென்டிமீட்டர், முகமதிப்பு பத்து லட்சம் கனடிய டாலர். 2011இல் பெர்த் நாணயச் சாலை எல்லாவற்றையும் விஞ்சி, ஒரு டன் எடையும் 80 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள கங்காரு நாணயத்தை உருவாக்கியது. ஒரு நாணயச் சாலை மற்றொன்றை மிஞ்ச, அடுத்தது அதையும் மிஞ்ச, ஜஹாங்கீரின் அவையில் நடந்ததே வேறு உடையில் நடந்தது.

சாதாரண வருவாய் உள்ளவர்களையும் இந்த ஆசை விடவில்லை. அமெரிக்க நாணயச் சாலை 2010இல் ஐந்து அவுன்ஸ் வெள்ளி நாணயங்களை வெளியிட்டது. குறுக்களவு மூன்று அங்குலம்; எடை 155.5 கிராம். அதன்மேல் பொறித்திருந்த முகமதிப்போ கால் டாலர்! முதல் ஆண்டில் ஐந்து வடிவங்களில், ஒவ்வொன்றும் 33,000 மட்டுமே அடிக்கப்பட்டன. கிடைப்பது அரிது என்ற செய்தி பரவியதும் வணிகர்கள் வெள்ளியின் மதிப்பைவிட மிக அதிகமாக விலை சொன்னார்கள். குறைகள் குவிந்தன. இறுதியில் நாணயச் சாலையே தலையிட்டு, வணிகர் வைக்கும் இலாபத்திற்கு வரம்பு விதித்தது. ஒரு வீட்டிற்கு ஒவ்வொரு வடிவத்திலும் ஒன்று மட்டுமே விற்க வேண்டும் என்றும் நிபந்தனையிட்டது. இத்தொடர் 2021வரை நீடித்தது.

இந்நிகழ்ச்சியில் வாங்குவோருக்கு ஒரு பாடம் உண்டு. பேருருவ நாணயத்தின் விலையில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று உலோகத்தின் விலை. அது சந்தையைப் பொறுத்தது. மற்றொன்று அருமைக்காகவும் அழகுக்காகவும் கொடுக்கும் மிகைவிலை. அது மனிதரின் ஆசையைப் பொறுத்தது. விற்கச் செல்லும் நாளில் முதல் பகுதி பெரும்பாலும் கைக்கு வரும். இரண்டாம் பகுதி அன்றைக்கு அதே ஆசை கொண்ட இன்னொருவர் கிடைத்தால்தான் வரும். இதை அறியாமல், பிள்ளையின் திருமணத்திற்கெனச் சேர்த்த பணத்தை மிகைவிலையில் முடக்குவோர், வெள்ளி வாங்கியதாக எண்ணிக்கொண்டு ஆசையை வாங்குகிறார்கள்.

பெர்லினில் ஓர் இரவு

கனடாவின் அந்த 100 கிலோ நாணயங்களில் ஒன்று ஜெர்மனியின் பெர்லின் நகரில் உள்ள போடே மியூசியத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. 2017 மார்ச் 27 அதிகாலையில் திருடர்கள் அருகிலுள்ள இரயில் பாதை வழியாக வந்து, ஏணி வைத்துச் சாளரத்தின் வழியே நுழைந்தார்கள். கண்ணாடிப் பேழையை உடைத்தார்கள். நூறு கிலோவை எப்படி எடுத்துப் போவது? கட்டட வேலையில் மண் அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்! 2020 பிப்ரவரியில் மூவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் நாணயம் கிடைக்கவேயில்லை. துண்டு துண்டாக வெட்டப்பட்டோ உருக்கப்பட்டோ விற்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே அதிகாரிகளின் முடிவு.

பத்து லட்சம் டாலர் என்று அதன்மேல் பொறித்திருந்தது. அன்றைய தங்க விலையில் அது முப்பது லட்சம் யூரோவுக்கும் மேற்பட்டது. வெளியிட்டவர் அதன் கலையைப் போற்றினார். திருடியவரோ அதன் எடையை மட்டுமே பார்த்தார். நாதிர் ஷாவின் படையினரும் அவ்வாறே பார்த்திருப்பர். ஓரிடத்தில் குவித்த செல்வத்தின் கதி நூற்றாண்டுகள் கடந்தும் மாறவில்லை.

இமாம் கஸ்ஸாலியின் உவமை

இவற்றையெல்லாம் எண்ணும்போது, ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கருத்து நினைவுக்கு வருகிறது. ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் நன்றி செலுத்துதல் பற்றிய பகுதியில் அவர்கள் நாணயத்தின் இயல்பை விளக்குகிறார்கள். பொற்காசுக்கும் வெள்ளிக்காசுக்கும் தம்மளவில் பயன் இல்லை. அவற்றை உண்ணவும் இயலாது, உடுக்கவும் இயலாது. பொருள்களுக்கு இடையே நின்று மதிப்பை அளந்து தீர்ப்புச் சொல்வதற்காகவே இறைவன் அவற்றைப் படைத்தான் என்பது அவர்களின் விளக்கம். ஆகவே, அவற்றைப் பதுக்கி வைப்பவர் நீதிபதியைச் சிறையில் அடைத்தவருக்கு ஒப்பானவர் என்கிறார்கள். அவற்றைப் பாத்திரங்களாகச் செய்து வைப்பவர் அதைவிடத் தாழ்ந்தவர். நகரின் ஆட்சியாளரைப் பிடித்துச் சில்லறை வேலைக்கு ஏவுபவரைப் போன்றவர் என்றும் உவமிக்கிறார்கள்.

ஆயிரம் தோலா மொஹரை இந்த உவமையின் ஒளியில் பாருங்கள். அது நாணயம் என்னும் பெயரைத் தாங்கியிருக்கிறது. நாணயத்தின் வேலையைச் செய்யவில்லை. பிறவியிலேயே சிறைக்கென அடிக்கப்பட்ட நீதிபதி அது. சாதாரண தீனாரைப் பதுக்குபவர் என்றேனும் மனம் மாறி அதைப் புழக்கத்தில் விடலாம். பேருருவ நாணயமோ உருக்கப்படாமல் புழக்கத்திற்கு வரவே முடியாது.

சேகரிப்போர் கவனத்திற்கு

அப்படியானால் நாணயம் சேகரிப்பதே பாவமா என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறு சொல்வதற்கில்லை. பொன்னையும் வெள்ளியையும் குவித்து அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதோரைப் பற்றி அத்தவ்பா அத்தியாயத்தின் 34, 35ஆம் வசனங்கள் கடுமையாக எச்சரிப்பதை நாம் அறிவோம். தேவைக்கு மிஞ்சிய எதையும் வைத்திருக்கலாகாது என்று அபூதர் (ரலி) அவர்கள் அவ்வெச்சரிக்கையை விளங்கிக்கொண்டார்கள். ஜகாத் கொடுக்கப்பட்ட செல்வம் அவ்வெச்சரிக்கைக்குள் வராது என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் விளக்கமளித்தார்கள். இந்தச் சமுதாயத்தின் பெரும்பான்மை அறிஞர்கள் இரண்டாவது கருத்தையே ஏற்றுள்ளனர். ஆகவே சேமிப்பும் கூடும், சேகரிப்பும் கூடும். ஆனால் அந்த அனுமதியின் வாசலில் ஜகாத் என்னும் காவலர் நிற்கிறார் என்பதை மறக்கலாகாது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ‘இது பணமன்று, கலைப்பொருள், கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறேன், விற்கப் போவதில்லை’ என்று சொல்லிச் சேகரித்த நாணயங்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பெண்கள் அணியும் ஆகுமான நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நாணயமாகவும் கட்டியாகவும் உள்ள தங்கம், வெள்ளி விஷயத்தில் அந்த வேறுபாட்டிற்கு இடமில்லை. பேழையில் வைத்தாலும் பெட்டகத்தில் வைத்தாலும் அது தங்கமே, வெள்ளியே.

கணக்கு கடினமானதன்று. 20 தீனார் என்பது சுமார் 85 கிராம் தங்கம். 200 திர்ஹம் என்பது சுமார் 595 கிராம் வெள்ளி. சில உலமாக்கள் இதைவிடச் சற்றுக் கூடுதலான எடையைச் சொல்வதுண்டு. ஐந்து அவுன்ஸ் வெள்ளி நாணயம் நான்கு வைத்திருந்தால் 622 கிராம்; நிஸாப் நிறைந்துவிட்டது. ஒரு கிலோ வெள்ளி நாணயம் ஒன்று வைத்திருந்தாலே நிஸாபைக் கடந்துவிட்டீர்கள். சந்திர ஆண்டு ஒன்று நிறைந்ததும் இரண்டரை சதவீதம். அதாவது கிலோவுக்கு 25 கிராம் வெள்ளி அல்லது அதன் மதிப்பு. தங்கமும் வெள்ளியும் சிறிது சிறிதாக வைத்திருப்போர் கவனிக்க: ஹனஃபி மத்ஹபில் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவர்; ஷாஃபிஈ மத்ஹபில் தனித்தனியே கணக்கிடுவர்.

நாணயத்தின்மேல் பொறித்துள்ள முகமதிப்பைக் கொண்டு ஜகாத் கணக்கிடுவது பெரும் பிழை. கால் டாலர் என்று பொறித்த நாணயத்தில் 155 கிராம் வெள்ளி இருப்பதை மேலே கண்டோம். விற்று இலாபம் பெறும் எண்ணத்தோடு வாங்கியவர்கள், அது வணிகச் சரக்காகிவிடுவதால், மிகைவிலையையும் சேர்த்துச் சந்தை மதிப்பின்படி கணக்கிட வேண்டும். வாங்கும் முறையிலும் கவனம் தேவை. தங்கத்தையும் வெள்ளியையும் பணத்திற்கு வாங்கும்போது அந்த இடத்திலேயே கைமாற்ற வேண்டும், தவணையும் கடனும் கூடா என்பது சமகால அறிஞர்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. ஐயம் எழுமிடத்தில் உங்கள் ஊர் ஆலிமிடம் நாணயத்தின் எடையையும் வாங்கிய நோக்கத்தையும் சொல்லிக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஜஹாங்கீரின் அந்த 11.9 கிலோ மொஹருக்கு ஓராண்டு ஜகாத் எவ்வளவு தெரியுமா? சுமார் 298 கிராம் தங்கம். ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவு ஏழைகளின் வீடுகளுக்குப் போயிருந்தால், சிறைப்பட்ட நீதிபதியின் குரல் சிறைக்கு வெளியேயும் கேட்டிருக்கும். ஜகாத்தின் நுட்பமே இதுதான். அது உங்கள் நாணயத்தை உருக்கச் சொல்லவில்லை, விற்கச் சொல்லவில்லை. அது பேழைக்குள் இருந்தபடியே ஆண்டுக்கொரு முறை கடைத்தெருவுக்கு வந்து போக வழி செய்கிறது.

அன்பிற்குரிய வாசகர்களே! நூர் ஷாஹி என்றும் நூர் சுல்தானி என்றும் பெயர் சூட்டப்பட்ட ஒளிகளெல்லாம் எங்கோ ஓர் உலையில் கரைந்துபோயின. புர்ஹான்பூரின் கஞ்சித்தொட்டியில் திங்கட்கிழமைதோறும் கொடுக்கப்பட்ட ஐயாயிரமோ எவர் கையிலும் இன்று இல்லை. ஆனால் அதை உண்டு பிழைத்தவர்களின் சந்ததியினர் இன்றும் இம்மண்ணில் நடமாடிக்கொண்டிருப்பர். இரண்டு செலவுகளில் எது மிஞ்சியது என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இவ்வார ஜும்ஆவிற்குப் புறப்படும் முன், வீட்டில் பூட்டி வைத்துள்ள நாணயங்களை ஒரு முறை எடுத்து எடைபோட்டுப் பாருங்கள். அவற்றுள் ஏழையின் பங்கு எத்தனை ஆண்டுகளாகக் காத்துக் கிடக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நம்மிடம் உள்ள செல்வத்தின் உரிமையை நிறைவேற்றும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.